டாக்டர் சொன்ன காடு

போன வாரம் எங்கள் ஆபீசில் ஒரு பிரியாவிடை விருந்து. ரொம்ப வருஷமாக மேனேஜராக இருந்த வெள்ளைக்காரத் துரை கப்பலேறி ஊருக்குப் போகிறார். அவருடைய நாற்காலியில் நம் ஊர்க்காரர் ஒருவர் உட்காரப் போகிறார். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த பிறகு மலாக்காவில் இது அடிக்கடி நடக்கிற விசேஷம். கேக் உண்டு, கறிபாப் உண்டு. தப்பிக்கவே முடியாதபடி ஒரு சொற்பொழிவும் உண்டு.

துரை புதியவரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, தன்னுடைய சப்பாத்துக்குள் இனி இவர் காலை வைக்கப்போகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். என் பக்கத்தில் நின்ற ஸ்டோர்கீப்பர் சுப்பையா மட்டும் தட்டவில்லை. துரையின் காலைப் பார்த்தார். புதியவரின் காலைப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, "அவருக்கு அது தொளதொளன்னு இருக்கும். எனக்குன்னா கச்சிதமா இருந்திருக்கும்" என்றார், மெய்யான வருத்தத்தோடு.

நான் சிரிக்கவில்லை. சிரித்ததாக எங்கள் ஆபீசில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒருவர் விட்டுப்போகிற பொறுப்பை இன்னொருவர் ஏற்றுக்கொள்வதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினேன். சுப்பையா கறிபாப்பை மென்றபடி தலையாட்டினார். ஆனாலும் அன்று மாலை வரை அந்தச் சப்பாத்தின் மேல்தான் அவர் கண் இருந்தது.

இந்த மாதிரிப் பேச்சு ஆங்கிலத்தில் மூட்டை மூட்டையாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் கொஞ்சம் கற்றுக்கொடுத்தார்கள். பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்று ஒரு வாக்கியம் உண்டு. நீங்களும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். எனக்குப் பல துரைமாரோடு பழக்கம். மலாக்காவில் மழைக்கா பஞ்சம்? இன்றுவரை ஒருவர்கூட என்னிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "ஈரமாக இருக்கிறது, இல்லையா?" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். நாம் கற்றதை அவர்கள் பேசுவதில்லை. அவர்கள் பேசுவதை நமக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

நம் தமிழ் மட்டும் என்னவாம்? "அவன் எனக்குக் காது குத்துறான்" என்கிறோம். காதும் குத்தவில்லை, கடுக்கனும் போடவில்லை. "தலையில மிளகாய் அரைச்சிட்டான்" என்கிறோம். எரிச்சல் மட்டும்தான் நிஜம். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த மொழி என்பதால் நமக்கு இதெல்லாம் உறுத்துவதில்லை. நான் குடியிருக்கும் இடத்துக்கே காஜா பெராங் என்று பெயர். மலாய் அர்த்தத்தைப் பார்த்தால் கோபங்கொண்ட யானை. ஒருவரும் தடி எடுத்துக்கொண்டு வெளியே கிளம்புவதில்லையே!

சுப்பையாவின் சப்பாத்து போனால் போகட்டும். இதே மாதிரி ஒரு வாக்கியத்தால் ஓர் உயிர் போகவிருந்தது. நான் கூடவே இருந்து பார்த்தேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மெர்டேக்காவுக்குச் சில வருஷங்களுக்கு முன்பு நடந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வேலு என்பவர் குடியிருந்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சீன முதலாளியிடம், எங்கள் பேச்சில் தவுக்கேயிடம், லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அரிசி, சீனி, சார்டின் டின் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஜொகூர் எல்லைப் பக்கத்துக் கித்தா தோட்டங்களுக்கு, அதாவது ரப்பர் தோட்டங்களுக்குப் போய் இறக்கிவிட்டு வருவார். அதிகம் பேசாத மனிதர். லோரியைத் துடைக்கும்போது மட்டும் மெதுவாகப் பாடுவார்.

அவருடைய மனைவி ராஜம்மா அதற்கு நேர்மாறு. எதையும் வாயைத் திறந்து கேட்டுவிடுகிற ரகம். சின்ன வயதில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஜப்பான்காரன் வந்ததோடு பள்ளிக்கூடமும் நின்றது, படிப்பும் நின்றது. ஆனால் படித்த ஆங்கிலத்தை அவர் விட்டுவிடவில்லை. பலகாரம் மடித்து வந்த பழைய இங்கிலீஷ் பேப்பரைக்கூட எண்ணெய்க் கறையோடு விரித்து வைத்து வாசிப்பார். எங்கள் தெருவில் யாருக்காவது ஆங்கிலத்தில் ஏதாவது வந்தால், நான் ஆபீசிலிருந்து திரும்பும் வரை காத்திருக்க மாட்டார்கள். ராஜம்மாவிடம் போய்விடுவார்கள்.

ஒருநாள் வேலுவுக்கு வயிற்றுவலி. சூட்டு வலி என்று வெந்தயம் கொடுத்துப் பார்த்தார்கள். மறுநாளும் அவர் லோரி எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது ஸ்டியரிங்கில் சாய்ந்தபடியே வந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்ததும் நேராக ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குடல்வால் உள்ளே வெடித்துப் போயிருந்தது. சீழ் வயிறு முழுக்கப் பரவியிருந்தது.

ஆபரேஷன் முடிந்தும் காய்ச்சல் இறங்கவில்லை. வயிற்றில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். வேலு கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தார். ராஜம்மா பக்கத்திலேயே இருந்தார்.

அன்று சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்துகிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் ராஜம்மா நின்றுகொண்டிருக்கிறார். உட்காரச் சொல்லி என் மனைவி சாரதா எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"அண்ணே, டாக்டர் தொரை சொல்லிட்டாரு. அவரை இனி வெளிய விடமாட்டாங்க. நான் ராத்திரிக்குள்ள எங்கயாவது கொண்டுபோயிடணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெல்ல மெல்லத்தான் விஷயம் வந்தது.

டாக்டர் வார்டுக்கு வந்து வேலுவைப் பார்த்திருக்கிறார். இளவயது வெள்ளைக்காரர். வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தமிழும் தெரியாது, மலாயும் இன்னும் பிடிபடவில்லை. ராஜம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்று மிஸ்ஸி, அந்த வார்டு நர்ஸ், சொன்னதும் அவருக்குச் சந்தோஷம். நேராக அவரிடமே பேசியிருக்கிறார். பேசியது மூன்று வாக்கியம். அதை அப்படியே ராஜம்மா எங்களிடம் சொல்லிக் காட்டினார்.

"ஹீ இஸ் நாட் அவுட் ஆஃப் தி வுட்ஸ் யெட்." இன்னும் காட்டைவிட்டு வெளியே வரவில்லை.

"வீ மஸ்ட் கீப் அன் ஐ ஆன் ஹிம்." அவர் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

"ஹீ வில் நாட் பி கோயிங் எனிவேர்." அவர் எங்கேயும் போகப்போவதில்லை.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று இன்றைக்கு வாசிக்கும் சின்னப் பிள்ளைகள் கேட்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். அது அவசரகாலம். காடு என்ற சொல்லை நாங்கள் சத்தமாகச் சொல்லாத காலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்ட் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு படி அரிசி போய்ச் சேர்ந்தாலும், கொடுத்தவன் யார் என்று போலீஸ் தேடி வரும். சாமான் லோரிகள் தார்ப்பாய் கட்டிக்கொண்டு போக வேண்டும். கண்ட இடத்தில் நிறுத்தக் கூடாது. சந்தேகம் என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும். வீட்டை விட்டுப் போன மனிதர் எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலுவின் லோரி கொஞ்ச நாள் முன்புதான் அந்தப் பக்கத்து ரோட்டில் பழுதாகி நின்றுவிட்டது. இருபுறமும் காடு. உதவி வந்து சேர நேரமாகிவிட்டது. மாத்தா வந்து விசாரித்தார்கள். போலீஸ்காரர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மூட்டைகளை எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் யார் வந்தார்கள், யாரைப் பார்த்தாய் என்று கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில், தேவைப்பட்டால் மறுபடியும் கூப்பிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஒரு வார்த்தை அவர்கள் வீட்டில் அதுமுதல் குடியிருந்தது. வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் வேலு சாப்பிடுவதை நிறுத்திவிடுவாராம்.

இப்போது சொல்லுங்கள். காட்டைவிட்டு வரவில்லை, கண் வைத்திருக்க வேண்டும், எங்கேயும் போகமுடியாது... இந்த மூன்றையும் அந்தப் பெண் வேறு எப்படிச் சேர்த்துப் படித்திருப்பார்?

ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குத் தெரியும். அதுதான் வினை. ஆங்கிலமே தெரியாதவராக இருந்திருந்தால், தொரை என்னமோ சொல்லுது என்று மிஸ்ஸியிடம் மலாயில் கேட்டிருப்பார். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எதையும் கேட்டுவிடுகிற ராஜம்மா இதை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் நாலு பேர் காதில் விழுமே என்ற பயம்.

கிளேபாங்கில் வேலுவின் தம்பி கோவிந்தன் இருந்தார். கடலுக்குப் போகிறவர். ராஜம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். டாக்சி பிடித்துக்கொண்டு வந்து அண்ணனைத் தூக்கிக்கொண்டு கிளேபாங்குக்குப் போய்விட வேண்டும். அப்புறம்? அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. என்னிடம் வந்தது வேறு ஒன்றுக்காக. வார்டு வாசலில் நின்று, யாராவது தடுத்தால் ஆங்கிலத்தில் பேசிச் சமாளிக்க ஓர் ஆள் வேண்டும்.

எனக்கும் அந்த வாக்கியம் தெரியாது. என்னுடைய ஆங்கிலம் தங்கள் கடிதம் கிடைத்தது என்று தொடங்கி, தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன் என்று முடியும் ஆங்கிலம். அதில் காடு வராது. அது உண்மையிலேயே போலீஸ் விஷயமாக இருந்தால், தூக்கிக்கொண்டு ஓடுவது இன்னும் ஆபத்து என்று மட்டும் சொன்னேன். ஓடாமல் இருந்தால் மட்டும் விட்டுவிடுவார்களா என்று திருப்பிக் கேட்டார்.

சாரதாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அதுவரை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், ராஜம்மாவின் கையில் கோப்பிக் கிளாஸைத் திணித்துவிட்டு ஒன்று கேட்டாள்.

"டாக்டர் இதச் சொல்லும்போது மொகத்த எப்படி வச்சிருந்தாரு?"

ராஜம்மா சற்று யோசித்தார். அப்போதுதான் அந்தக் காட்சியை வார்த்தைகள் இல்லாமல் திரும்பப் பார்க்கிறார் போலும். டாக்டர் வேலுவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம். வயிற்றுக் கட்டைப் பார்த்தாராம். போகும்போது காலடியில் சுருண்டு கிடந்த போர்வையை இழுத்து மூடிவிட்டாராம். முகம்... கவலையாகத்தான் இருந்ததாம்.

"புடிச்சிக் குடுக்கப் போறவன் போர்வைய இழுத்து மூடுவானா, ராஜம்மா?"

கோப்பியைக் குடிக்காமலே கிளாஸைக் கீழே வைத்தார் ராஜம்மா. "நானே போயி அவரைக் கேட்டுடுறேன்" என்றார். சொன்ன அடுத்த நிமிஷமே முகம் வெளுத்துவிட்டது. கோவிந்தன் இந்நேரம் டாக்சியோடு போய்ச் சேர்ந்திருப்பாரே!

தெருமுனையில் ஒரு பேச்சா நின்றது. மூன்று சக்கர மிதிவண்டி, அவசரத்துக்கு ஏற்ற வாகனமல்ல. பெண்கள் இருவரும் அதில் ஏறிக்கொள்ள, நான் சைக்கிளில் பின்னால் போனேன். ஆஸ்பத்திரி தூரமில்லை. அன்றைக்கு மட்டும் தூரமாக இருந்தது.

வார்டுக்குள் நுழைந்தபோது கோவிந்தன் அண்ணனை எழுப்பி உட்கார வைத்துவிட்டார். வேலுவின் கால் தரையில் தொங்குகிறது. சட்டையில் ஒரு கை மட்டும் நுழைந்திருக்கிறது. முகம் சாம்பல் நிறம். மருந்துப் பாட்டில் கம்பியோடு ஆடிக்கொண்டிருக்கிறது. கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் மிஸ்ஸி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். மெலிந்த பெண். யாரையும் விடுவதாக இல்லை.

நெற்றியில் பொட்டு, பெயர் மீனாட்சி. அதை வைத்துக் கோவிந்தன் அவரிடம் தமிழில் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். அவர் பதிலுக்கு மலாயில் பேசினாராம். "நம்மாளா இருந்துக்கிட்டு தமிழ் தெரியாத மாதிரி நடிக்கிறா" என்று கோவிந்தன் என்னிடம் பொருமினார். நடிக்கவில்லை. அவர் எங்கள் காஜா பெராங்கில் தலைமுறை தலைமுறையாக வாழும் செட்டி சமூகத்துப் பெண். கோயிலும் பெயரும் தமிழ், பேச்சு மலாய். கிளேபாங்கில் இருக்கிறவருக்கு அது மறந்துபோய்விட்டது.

பிறகு கோவிந்தனும் மலாய்க்கு மாறியிருந்தார். இப்போது அசைத்தால் இவர் செத்துப்போவார் என்கிறார் மிஸ்ஸி. இங்கே விட்டாலும் சாவுதான் என்கிறார் கோவிந்தன். இரண்டு பேருக்கும் ஒரே மொழி. ஒருவர் சொல்வது மற்றவருக்குத் துளிகூடப் புரியவில்லை.

அந்த நேரத்தில்தான் டாக்டர் வந்தார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வேகமாக வந்தவர், வேலுவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்று கேட்டார். கோபம்தான். கையிலிருந்த பிடி மட்டும் மெதுவாக இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் ராஜம்மா முன்னால் போய்விட்டார். கை இரண்டையும் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

"மை ஹஸ்பண்ட் நெவர் கோ டு தி வுட்ஸ், சார். லோரி பிரேக்டவுன் ஒன்லி. போலீஸ் ஆல்ரெடி ஆஸ்க்."

என் கணவர் காட்டுக்குப் போகவே இல்லை, லோரி பழுதாகி நின்றதுதான் நடந்தது, போலீஸ் விசாரித்தும் முடித்துவிட்டது. அவ்வளவுதான் அவர் சொன்னது. குரல் நடுங்கவில்லை.

டாக்டர் விழித்தார். எந்தக் காடு என்று கேட்டார். நீங்கள் சொன்ன காடுதான் என்றார் ராஜம்மா.

அந்த முகத்தில் அப்போது நடந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எங்கிருந்தோ நினைவு வந்தது மாதிரி வாய் லேசாகத் திறந்தது. கோபம் போய்விட்டது. காது வரை சிவந்துவிட்டார். வேலுவை மெதுவாகச் சாய்த்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டே பேசியிருக்கலாம். உட்கார்ந்தார்.

பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவர்கள் ஊரில் அது ஒரு பேச்சுவழக்கு. வழிப்போக்கன் அடர்ந்த காட்டு வழியாக நடக்கிறான். பாதி தூரம் வந்துவிட்டான். காடு முடிந்து வெட்டவெளி வரும்வரை ஆபத்து நீங்கவில்லை. நோயாளியையும் அப்படிச் சொல்வது வழக்கம். கண் வைத்திருப்பது என்றால் பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொள்வது. எங்கேயும் போகமாட்டார் என்றால், வீட்டுக்குப் போக இன்னும் நாளாகும். இதில் போலீஸ் இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. லோரி கதையையே அவர் இப்போதுதான் கேள்விப்படுகிறார்.

ராஜம்மா ஒவ்வொன்றையும் தமிழில் திருப்பிச் சொன்னார். எங்களுக்காகவா, தன்னை நம்பவைத்துக்கொள்ளவா... தெரியாது. கோவிந்தன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப, மாத்தா வரல?" என்று மட்டும் கேட்டார்.

கட்டிலிலிருந்து பதில் வந்தது. அன்று முழுக்க வாயைத் திறக்காத வேலு கண்ணை மூடியபடியே சொன்னார்.

"கோவிந்தா... மொதல்ல என் காலத் தூக்கி மேல போடு."

சாரதாதான் முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்.

ராஜம்மா அழவில்லை. டாக்டரைப் பார்த்து இன்னொரு கேள்வி கேட்டார். அதைக் கேட்க லோரி விஷயத்தைவிடப் பெரிய துணிச்சல் வேண்டும். என் கணவர் பிழைப்பாரா?

அந்த ஒரு கேள்வியை நேராகச் சந்திக்க வேண்டாம் என்றுதானே அவர் காட்டுக்குள் ஒதுங்கினார்! இப்போது ஒதுங்க இடமில்லை. எனக்குத் தெரியவில்லை என்றார். உள்ளே இன்னும் சீழ் இருக்கிறது, இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கினால் பிழைத்துவிடுவார், இறங்காவிட்டால் கஷ்டம், என்னால் முடிந்ததெல்லாம் செய்வேன் என்றார். எல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகள்.

"தேங்க் யூ, சார்" என்றார் ராஜம்மா. "திஸ் இங்கிலீஷ் ஐ அண்டர்ஸ்டாண்ட்."

இந்த இங்கிலீஷ் எனக்குப் புரிகிறது. அதைவிட மரியாதையாக ஒரு டாக்டரை யாரும் கண்டித்து நான் பார்த்ததில்லை. அவரும் அதை வாங்கிக்கொண்டார். தலையைக் குனிந்து, ஆரம்பத்திலேயே நான் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். பிறகு, இதே விஷயத்தை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். ராஜம்மா யோசித்து, "இன்னும் கண்டம் தாண்டல" என்றார். கண்டம் என்றால் என்ன என்று அவர் கேட்க, ராஜம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அது ஒரு மாதிரி கெட்ட நேரம், தாண்டிவிட்டால் நல்லது என்று சொல்லிவைத்தார். டாக்டர் சிரித்தார். உங்களுக்கும் ஒரு காடு இருக்கிறது என்றார்.

காய்ச்சல் உடனே இறங்கிவிடவில்லை. ஒருநாள் ஏறியது. ஒருநாள் நடுக்கம் வந்து இன்னொரு முறை வயிற்றைத் திறந்து கழுவ வேண்டியிருந்தது. ஆனால் அந்த நாட்களில் ராஜம்மாவிடம் முன்பிருந்த பயத்தை நான் பார்க்கவில்லை. பயம் இருந்தது. எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரிந்த பயம். அது வேறு தினுசு. அதோடு உட்கார்ந்திருக்கலாம், சாப்பிடலாம், கொஞ்சம் தூங்கக்கூடச் செய்யலாம்.

அதே வார்டில் எதிர்க்கட்டிலில் தோட்டத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கிடந்தார். கால் உடைந்து வந்தவர். டாக்டர் வரும்போதெல்லாம் வயிற்றைத் தொட்டுக்காட்டி, "எரியுது சாமி, வயிறு எரியுது" என்பார். வார்டில் இருந்த யாரோ அரைகுறையாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். டாக்டரும் அக்கறையாக வெள்ளை மருந்து எழுதிக்கொடுத்தார். எரிச்சல் தீரவில்லை. மருந்தின் அளவைக் கூட்டினார். அப்போதும் தீரவில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ராஜம்மா எழுந்து போய்ச் சொன்னார்.

"நாட் ஸ்டமக், சார். ஹிஸ் சன்."

வயிறு இல்லை, மகன். அடிபட்டுக் கிடக்கிற அப்பனை ஒரு நடை வந்து பார்க்காத மகன். டாக்டர் மருந்தை நிறுத்தினார். தோட்டத்துக்குச் சொல்லியனுப்பி மகனை வரவழைத்தார். மகன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். லீவு கிடைக்காமல்தான் வரவில்லையாம். அன்று பெரியவர் இரண்டு வாய்ச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

அதிலிருந்து டாக்டர் வார்டைச் சுற்றி வரும்போது, தமிழ் நோயாளியின் கட்டிலருகே ராஜம்மாவைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ராஜம்மாவும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். புரியாத ஒரு தொடர் காதில் விழுந்தால், அந்த இடத்திலேயே நிறுத்தி, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிடுவார். வெட்கப்படுவதில்லை. டாக்டருக்கும் அது பழகிவிட்டது. சில நேரம் அவரே பாதியில் நிறுத்திக்கொண்டு, வேறு மாதிரி சொல்லத் தொடங்குவார்.

நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். மனிதர்கள் ஏன் சுற்றிவளைத்துப் பேசுகிறார்கள்? அழகுக்காக என்று இலக்கணப் புத்தகம் சொல்கிறது. அழகுக்காகவும்தான். ஆனால் நேராகச் சொன்னால் நாக்குச் சுடுகிற விஷயங்கள் சில இருக்கின்றன. அவற்றைத் துணி சுற்றித்தான் தூக்குகிறோம். இறந்துவிட்டார் என்று சொல்ல வாய் வராமல் தவறிவிட்டார் என்கிறோம். அந்த டாக்டரும் ஈவிரக்கத்தால்தான் துணி சுற்றினார். துணிக்குள் என்ன இருக்கிறது என்று எதிராளிக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார். ஒரே ஊரில் வளர்ந்த இருவருக்கு அது தெரியும். வேறு வேறு கரைகளில் வளர்ந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

நம்முடையது புதிதாகப் பிறந்த நாடு. தமிழர், மலாய்க்காரர், சீனர், செட்டிகள் என்று எல்லோருமாக ஒரே வார்டில் படுத்திருக்கிறோம். ஒருவர் வீட்டு வழக்கு இன்னொருவருக்கு விளங்குவதற்குக் கொஞ்ச காலம் ஆகும். அதுவரை அர்த்தம் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

வேலு பிழைத்தார். ஆள் பாதியாக வீட்டுக்கு வந்தார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் கைகுலுக்கி, இப்போது காட்டைவிட்டு வெளியே வந்துவிட்டீர்கள் என்றாராம். வேலு எனக்குத் தெரிந்து சொன்ன ஒரே ஆங்கில வாக்கியம், "தேங்க் யூ, நோ மோர் வுட்ஸ்" என்பதுதான். தவுக்கே அவரை ஜொகூர்ப் பக்கம் அனுப்புவதை நிறுத்தினார். இப்போது ஊருக்குள்ளேயே பண்டார் ஹிலிர் கடைகளுக்குச் சாமான் போடுகிறார். மாத்தா மறுபடியும் கூப்பிடவே இல்லை.

ராஜம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலேயே வேலை கிடைத்தது. டாக்டர்தான் கேட்டார். பெண்கள் வார்டில் உதவியாளாகச் சேரலாம், தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்க்கவும் வேண்டும். ராஜம்மா தயங்கினார். வீடு, சமையல், நாலு பேர் பேச்சு. வேலுதான் தள்ளிவிட்டார்.

"போ. என்னை மாதிரி இன்னும் எத்தன பேர டாக்சியில ஏத்த நிக்கிறாங்களோ" என்றார்.

மெர்டேக்கா வந்தது. அந்த டாக்டரும் ஊருக்குப் போனார். விடைபெறும்போது ராஜம்மாவிடம் வந்து, போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாராம். சப்பாத்தும் இல்லை, காடும் இல்லை. அதைக் கேட்டுத்தான் ராஜம்மா முதல் தடவையாக அவர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதை எழுதுவதற்கு அனுமதி கேட்க நேற்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ராஜம்மா வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். சந்தோஷமாக இருந்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன். ஒரு வாரமாக நிமோனியாவில் கிடந்த கைக்குழந்தையைப் பற்றிச் சொன்னார். தாய் தோட்டத்துப் பெண், சின்ன வயது. புதிதாக வந்திருக்கும் டாக்டர் நம் நாட்டுக்காரர். ஆனால் படித்தது சீமையில்தான். அன்று காலை குழந்தையைப் பார்த்துவிட்டு, இவன் முனை திரும்பிவிட்டான் என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். ராஜம்மா எந்த முனை என்று கேட்டிருக்கிறார். டாக்டர் சற்றுத் திகைத்து, பிறகு சொல்லியிருக்கிறார். அதை ராஜம்மா அந்தத் தாயிடம் தமிழில் ஒரே வார்த்தையில் சொன்னாராம்.

"பொழச்சுக்குவான்."

அந்த வார்த்தைக்கு எந்த மொழியிலும் அணி வேண்டாம்.